இரண்டாம் வரிசையில் ஒரு காலி இடம்

அந்த ஆறு பத்து பஸ்ஸுக்கு உண்ணாமலை இன்றைக்கும் நன்றி சொல்கிறாள்.

பிடித்ததற்கு அல்ல... விட்டதற்கு!

1978. ஐப்பசி மாலை. மலை உச்சியை மேகம் விழுங்கியிருந்தது. சின்னக்கடைத் தெரு அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலையை முடித்துக்கொண்டு, ஒரு கையில் குடை, ஒரு கையில் காலி டிபன் பாக்ஸ், விரல் நுனியில் போகாத மையுமாகத் தேரடித் தெருவுக்கு ஓடி வந்தாள். ஆறு பத்தை விட்டால் கீழ்பென்னாத்தூருக்கு அடுத்த பஸ் எட்டரைக்குத்தான்.

தெருவை அடைத்துக்கொண்டு மாப்பிள்ளை அழைப்பு!

பெட்ரோமாக்ஸ் விளக்குகள். பூ ஜோடித்த கார். அதற்கு முன்னால், சிவப்புக் கோட்டும் தொப்பியுமாக அருணை நகர் பேண்டு. சுற்றிப் போக நேரமில்லை. எங்கே புகுவது?

அப்போதுதான் பார்த்தாள். முதல் வரிசையில் மூன்று பேர். மூன்றாம் வரிசையிலும் மூன்று பேர். இரண்டாம் வரிசையில் மட்டும் இரண்டே பேர். நடுவில் சரியாக ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி.

‘அண்ணாமலையாரே, ரொம்ப நன்றி!’

குடையை மடக்கினாள். புகுந்தாள்.

“ஏங்க! ஏங்க! அது வழி இல்லைங்க!”

வாத்தியங்கள் ஒவ்வொன்றாய்த் தடுமாறி நின்றன. கார்னெட்டை உதட்டிலிருந்து எடுத்தபடி ஒருவன் அவளை மறித்து நின்றான். தொப்பி விளிம்பில் மழைத்துளிகள் வரிசை கட்டியிருந்தன. அவற்றுக்குக் கீழே இரண்டு கண்கள்... கோபப்பட முயன்று, முடியாமல் தவிக்கிற கண்கள்.

“வழி இல்லாம என்ன? இங்கதான் யாருமே இல்லையே!” என்றாள் மூச்சு வாங்க.

“இருக்காருங்க.”

“எங்க?”

“நீங்க அவரு மேலதான் நிக்கிறீங்க.”

தன்னையறியாமல் கீழே குனிந்து பார்த்துவிட்டாள். அவ்வளவுதான்... பெரிய டிரம்மைச் சுமந்திருந்த வளையல் கடை பீர் முகம்மது வயிறு குலுங்கச் சிரித்தார்.

“இன்னாம்மா, ஜாஸ்தி மிதிக்காத. பாவம், அந்த ஆளு பதினாலு வருஷமா நிக்கிறாரு, கால் வலிக்காது?”

“பேண்டுல பைத்தியங்கள வேற சேத்துக்கிறீங்களா?” அவனைப் பார்த்தே கேட்டாள்.

“சேத்துக்கிறோங்க. ஆளு கம்மியாத்தான் இருக்கு. வர்றீங்களா?”

முறைத்துவிட்டு ஓடினாள். பஸ் நிலையத்தில் ஆறு பத்தின் புகை மட்டும் மிச்சமிருந்தது. இரண்டு மணி நேரம் மழையில் நின்று அந்தக் கார்னெட்காரனைத் திட்டினாள். திட்டத் திட்ட, அந்தக் கண்கள்தான் ஞாபகம் வந்து தொலைத்தன...

மறுநாள் காலை அச்சகத்தில் முதலாளி நூருல்லா ஒரு நோட்டை நீட்டினார்.

“உண்ணா, பேண்டு செட்டுக்கு இருபத்தஞ்சு வருஷம் ஆவுதாம். வெள்ளி விழா மலர் போடறாங்க. எழுதினவரு வந்திருக்காரு. கையெழுத்து கோழி கிளறின மாதிரி... கேட்டுக் கேட்டு கோத்துடு.”

நிமிர்ந்தாள். கோழி கிளறியவன் வாசலில் நின்றிருந்தான். இன்றைக்குச் சிவப்புக் கோட்டு இல்லை. பம்பு செட்டு மெக்கானிக்கின் காக்கிச் சட்டை, பாக்கெட்டில் ஸ்பானர்.

“பஸ்ஸு கிடைச்சிதாங்க?” என்றான்.

“கிடைச்சிது. எட்டரைக்கு!”

“மன்னிச்சிக்கோங்க... எம்பேரு சகாதேவன்.”

“நான் கேக்கலையே!”

“மலர்ல வரும். தப்பா கோத்துடக் கூடாது, அதான்.”

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். பயனில்லை.

அன்றிலிருந்து தினமும் வந்தான். புரூஃப் பார்க்க ஒரு நாள், ஒரு வரி சேர்க்க ஒரு நாள், அந்த வரியை எடுத்துவிட மறுநாள்...

நோட்டு முழுக்கப் பேண்டின் கதை. பட்டாளத்து பேண்டில் ஊதிக்கொண்டிருந்த ஆதிமூலம், ஒரே ஒரு கார்னெட்டோடு ஊர் திரும்புகிறார். தையற்காரர், லாரி டிரைவர், வளையல் வியாபாரி என்று கிடைத்தவர்களையெல்லாம் ஐயங்குளத்துப் படியில் உட்காரவைத்துப் பழக்குகிறார். 1953-இல் முதல் கல்யாணம். அவர்களுக்குத் தெரிந்ததோ இரண்டே பாட்டு. அதில் ஒன்று தேசிய கீதம். அதை வாசித்ததும் மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கி விறைப்பாக நின்றுவிட்டார். ஊர்வலம் அரை மணி நேரம் நகரவில்லை!

எழுத்துப் பெட்டி முன்னால் நின்றபடி உண்ணாமலை தனியாகச் சிரித்தாள்.

“நிஜமாவாங்க?”

“எங்கப்பாவையே கேளுங்க. அவருதான் ஆதிமூலம். இன்னைக்கும் விசிலும் கழுத்துமா முன்னாடி நடக்கிறவரு.”

“ஒண்ணு சொல்லட்டுமா? ‘பேண்டு’ன்ற வார்த்தைய கொஞ்சம் கம்மி பண்ணுங்க. பெட்டியில இருந்த இரட்டைக் கொம்பெல்லாம் தீந்துபோச்சு.”

“வேற என்ன எழுதறது?”

“எதயாவது எழுதுங்க. பக்கம் ஜாஸ்தி ஆனாலும் பரவாயில்ல...”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. காதுவரை சிவந்தாள். அவன் ஸ்பானரைக் கீழே போட்டான். எடுக்கக் குனிந்தவன் வெகுநேரம் நிமிரவில்லை.

இருபத்து மூன்றாம் பக்கம் வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

*‘1964, குரோதி வருடம் கார்த்திகை 20. ரைஸ் மில்காரர் வீட்டு மாப்பிள்ளை அழைப்பு. திருவூடல் தெரு முனை திரும்பும்போது எதிரே ஒரு சவ ஊர்வலம் வந்தது. சாவு எதிர்ப்பட்டால் வாத்தியத்தை இறக்கிவிடுவது எங்கள் வழக்கம். முன்னால் நடந்த தலைவர் விசில் ஊதினார். நிறுத்தினோம். பாடை கடந்து போனபின் பார்த்தால், இரண்டாம் வரிசையில் நடுவே நின்ற எங்கள் கிளாரினெட், கீழ்பென்னாத்தூர் அப்பாதுரையைக் காணோம். தேடிப் போனவர்களிடம் காரணமும் சொல்லவில்லை. அன்றுமுதல் அவர் இடத்தில் யாரையும் நிறுத்தவில்லை. அது அவருடையது.’*

உண்ணாமலையின் கையிலிருந்து எழுத்துகள் சிதறின.

கீழ்பென்னாத்தூர் அப்பாதுரை... அவளுடைய நைனா!

மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை எடை போடுகிற நைனா. பரண்மேல் கறுப்புப் பெட்டி ஒன்றைத் துணி சுற்றி வைத்திருக்கிற நைனா. ரேடியோவில் கிளாரினெட் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுகிறவர். பஸ்ஸில் கண்டக்டர் விசில் ஊதினால்கூடப் பிடிக்காமல், பாதி வழியில் இறங்கி நடக்கிறவர்!

விசில்... சிறு வயதிலிருந்து புரியாத ஒன்று புரிவதுபோல் இருந்தது.

அன்றிரவு சோறு போடும்போது கேட்டாள்.

“நைனா, திருவூடல் தெருவுல அன்னைக்கு என்ன ஆச்சு?”

பிசைந்த கை நின்றது. பதினான்கு வருடம் மென்று விழுங்கியதை ஒரே மூச்சில் துப்பினார்.

“கிறீச்சுனு ஒரு தடவ... ஒரே ஒரு தடவ சத்தம் வழுக்கிச்சு. அடுத்த நிமிஷம் விசில் ஊதி நிறுத்தறான் ஆதிமூலம்! மாப்பிள்ள வீடு, பொண்ணு வீடு, அத்தினி சனத்துக்கு முன்னாடி! தலைய குனிஞ்சவன்தான், பக்கத்துச் சந்துல பூந்து வந்துட்டேன்.”

“நைனா, அது உங்களுக்கு இல்ல! எதிர்ல சாவு வந்திச்சாம். முனைக்கு அந்தப் பக்கம்... உங்க கண்ணுக்குத் தெரியல. மலர்ல எழுதியிருக்காங்க.”

“இப்ப எழுதிக்கிறாங்க! எழுதறதுக்கு என்ன? நீ அந்த மலர தொடாத. ஏன், இனிமே அந்தப் பிரஸ்ஸுக்கே போவாத!”

‘ஒரு நாள், கோத்ததை ஒப்படைத்துவிட்டு வந்துவிடுகிறேன்’ என்று கெஞ்சி மறுநாள் வந்தாள். அழுதுகொண்டே சகாதேவனிடம் எல்லாம் சொன்னாள்.

அவன் முகம் முதலில் விளக்குப் போட்டதுபோல் மலர்ந்தது. “அப்பாதுரை மாமா பொண்ணா நீங்க! கார்னெட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி, சைடு டிரம் கத்துக்கிட்ட நாள்லருந்து அவரு எடத்துக்குப் பக்கத்துலதாங்க நடக்கிறேன்...” மதியம் வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது அந்த விளக்கு அணைந்திருந்தது.

“போய்க் கூப்பிடுங்கன்னு அப்பாகிட்ட சொன்னேன். ‘நான் விசில் ஊதினது சாவுக்கு. தப்பே பண்ணாதவன் எதுக்குடா சமாதானம் சொல்லணும்? எடம் இருக்கு, வந்தா வரட்டும்’ன்றாரு.”

“அங்கயும் அதே வீம்பு.”

“அப்போ நாளைக்கு நீங்க...”

“வர மாட்டேன்.”

மழை ஓட்டுமேல் பெய்தது. இருவருக்கும் நடுவே எழுத்துப் பெட்டி. சொல்ல வேண்டிய அத்தனை எழுத்தும் அதில் இருந்தது. கோக்கத்தான் யாருக்கும் தைரியமில்லை...

அவன் போன பிறகு சட்டென்று அவள் நிமிர்ந்தாள்.

நூருல்லாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. அச்சகத்தில் எது அடித்தாலும் சரி... கல்யாணப் பத்திரிகையோ, கடை நோட்டீஸோ... ஒரு பிரதியை மாதிரி நோட்டில் ஒட்டிவிடுவார். வருஷத்துக்கு ஒரு நோட்டு!

“பாய்... அறுபத்து நாலு நோட்டு இருக்கா?”

தும்மிக்கொண்டே இருவரும் தேடினார்கள். கடைசிப் பக்கங்களில் கறுப்புக் கரை போட்ட ஒரு கார்டு. கருமாதிப் பத்திரிகை!

அதை உரித்து அவள் கையில் கொடுத்த நூருல்லா, “பத்திரமா வச்சிக்கம்மா. எதுக்கு ஒட்டறீங்கன்னு எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க. இன்னைக்குத்தான் பதில் கிடைச்சிது” என்றார்.

அப்பாதுரை விளக்கடியில் அந்தக் கார்டைப் படித்தார்.

*‘குரோதி வருடம் கார்த்திகை மாதம் 20-ந் தேதி சனிக்கிழமை காலை, திருவூடல் தெரு வெள்ளையம்மாள் காலமாகி, அன்று மாலையே நல்லடக்கம்...’*

மறுபடி படித்தார்.

“வெள்ளையம்மா... பட்டாணிக் கடைக்கார அம்மா. பேண்டு போறப்பல்லாம் என் பாக்கெட்டுல ஒரு புடி வறுத்த பட்டாணி போடும்.” கார்டை மடியில் வைத்தார். “அந்தப் புண்ணியவதி போனதுகூட எனக்குத் தெரியாம... அந்தம்மா சாவுமேலயா, கண்ணு, நான் இத்தினி வருஷம் கோவிச்சிக்கினு இருந்தேன்?”

விடியற்காலையில் உண்ணாமலை எழுந்து பார்த்தபோது, பரண்மேல் கறுப்புப் பெட்டி இல்லை.

“பிரஸ்ஸுக்கு நேரமாவலையா?” என்றார் நைனா, முகத்தைத் திருப்பிக்கொண்டே.

கார்த்திகை முதல் ஞாயிறு. வெள்ளி விழா ஊர்வலம்.

தூறல். புதுச் சிவப்புக் கோட்டுகள். முன்னால் ஆதிமூலம், கழுத்தில் விசில். இரண்டாம் வரிசையில் அதே காலி இடம். குடைக்குள் நின்ற உண்ணாமலையைச் சகாதேவனின் கண்கள் கேட்டன: ‘வருவாரா?’

‘தெரியாது’ என்றன அவள் கண்கள். பெட்டியை இறக்கியவர் வருவதாக ஒரு வார்த்தை சொல்லவில்லையே...

திருவூடல் தெரு முனை.

ஆதிமூலத்தின் கால்கள் நின்றன. விசில் ஊதாமலே பேண்டு நின்றது.

எந்தச் சந்துக்குள் புகுந்து போனாரோ, அதே சந்தின் வாயில் அப்பாதுரை நின்றிருந்தார். வெள்ளை வேட்டி. கையில் கிளாரினெட். தலை குனிந்திருந்தது.

ஆதிமூலம் நடந்து போனார். கயிற்றோடு விசிலைக் கழற்றி அப்பாதுரையின் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

“இத நீயே வச்சிக்க. பதினாலு வருஷமா கழுத்த அறுக்குது.”

“என் தப்புதான் ஆதி... திரும்பிப் பாக்காம போயிட்டேன்.”

“நான் மட்டும்? ஒரு நாள் பஸ் ஏறியிருந்தா தீந்திருக்கும்.”

“என் எடத்துல யாரையும் நிறுத்தலையாமே...”

“அங்க நிக்கிற அளவுக்கு எவன்யா ஊதறான்? வா!”

அப்பாதுரை தன் இடத்தில் வந்து நின்றார். கண்ணை மூடினார். ஊதினார்.

கிறீச்ச்ச்!

தெருவே மூச்சைப் பிடித்தது.

“பரவால்லயே!” என்றார் பீர் முகம்மது. “விட்ட எடத்துலருந்தே சரியா எடுத்தாரு பாரு!”

முதலில் சிரித்தவர் அப்பாதுரைதான். பிறகு ஆதிமூலம். பிறகு தெரு முழுக்க. சிரித்து முடித்த கையோடு கிளாரினெட் மறுபடி எழுந்தது... இந்த முறை ஈர மலையைத் தொட்டுவிட்டு வருவதுபோல், அத்தனை சுத்தமாய்! உண்ணாமலை குடையை மடக்கினாள். கன்னத்தில் வழிவதை மழை என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

ஊர்வலம் முடிந்தது. இரண்டு அப்பாக்களும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பதினான்கு வருடத்தைப் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ் நிலையத்தை நோக்கி நடந்தவளின் பின்னால் காலடிச் சத்தம்.

“உண்ணா...”

முதல் தடவையாகப் பேர் சொல்கிறான்.

“ரொம்ப நன்றி. எங்கப்பாவுக்கு அவரு சிநேகிதன திருப்பிக் குடுத்துட்ட.”

“நீங்க எடத்த வச்சிருந்தீங்க. அதனாலதான திரும்பி வர முடிஞ்சிது? நன்றி நான்தான் சொல்லணும்.”

“ஒரு கஷ்டம் மட்டும் இருக்கு.”

“என்ன?”

“பக்கத்துல காலி எடத்தோடவே நடந்து பழகிட்டேன். இன்னைக்கு அந்தப் பக்கம் நிறைஞ்சு போச்சு.” தொப்பியைக் கழற்றிக் கசக்கினான். “இந்தப் பக்கம்... இன்னும் காலியாத்தான் இருக்கு. எப்பவும் நீ நடக்கறதுக்குன்னு ஒரு எடம். உன்னைத் தவிர வேற யாரையும் நிறுத்த மாட்டேன். எனக்கு உன்னை அவ்ளோ புடிச்சிருக்கு.”

எதிரே ஆறு பத்து உறுமியது. கண்டக்டர் விசில் ஊதினார்.

உண்ணாமலை அவனுடைய இடப்பக்கத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இது வழி இல்லையே?”

“இல்ல.”

“ஆளு நிக்கிற எடம்தான?”

“ஆமா...”

வந்து நின்றாள்.

ஆறு பத்து போய்விட்டது. அவள் திரும்பியும் பார்க்கவில்லை.