அக்காவின் பிடி

புது டயாலிசிஸ் மையத்தில் நர்ஸாக அவளுக்கு அன்று முதல் நாள். காலை பத்து மணி, சன்னலெல்லாம் வெயில். நான்காம் படுக்கையின் கோப்பைத் திறந்தவள் பெயரை இரண்டு முறை படித்தாள்.

மேஸ்திரி. எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வாய்த்தகராறில் அவள் தம்பியைக் கம்பியால் அடித்துக் கொன்றவர். இப்போது சிறையிலிருந்து வந்து ஒரு வருடமாம். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டதாம்.

அவரும் அவளை அடையாளம் கண்டுகொண்டார். "நீங்க அவனோட அக்காதானேம்மா? வேற ஆளை வேணா வரச் சொல்லுங்க."

"இங்க நான் ஒருத்திதான். கையை நீட்டுங்க."

ஊசி குறி தப்பவில்லை. அவள் கோபத்துக்கு எட்டு வயது என்றால், கைக்குப் பதினைந்து வருட அனுபவம். மாதா கோயிலுக்கு வாரம் தவறாமல் போகிறவள்தான். ஜெபத்தில் மன்னிப்பைப் பற்றிய வரி வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்வாள்.

மேஸ்திரி தூங்கிப்போனார். நான்கு மணி நேரம் ஓடி, கடைசிப் பத்து நிமிடம் வந்தது. குழாயில் மிச்சமிருக்கும் இரத்தத்தை, பின்னாலேயே உப்புநீரை விட்டு உடம்புக்குத் தள்ள வேண்டும். உப்புநீர்ப் பை காலியானால் அடுத்து வருவது காற்று. அது கைக்குள் போனால் ஆள் பிழைப்பது கஷ்டம். அதனால்தான் ஒரு குமிழியைக் கண்டாலும் இயந்திரம் அலறிக்கொண்டு குழாயை இறுக்கிவிடும்.

அப்போது டர்ப்பன்டைன் வாசனை வந்தது.

அவள் தம்பி பெயிண்டர். எத்தனை சோப்புப் போட்டாலும் அவனை விட்டுப் போகாத வாசனை அது.

காதோரம் குளிர்ந்தது.

"அக்கா..."

அவள் திரும்பவில்லை.

"பழம் நழுவிப் பால்ல விழுந்திருக்குக்கா. நீ ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா நில்லு."

நிமிர்ந்து பார்த்தாள். சற்றுமுன் பாதி நிறைந்திருந்த பை சப்பையாகத் தொங்கியது. குழாயில் ஒரு சாண் நீளத்துக்குக் காற்று இறங்கிக்கொண்டிருந்தது.

இயந்திரம் அலறவில்லை.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். அது அசையவில்லை.

"மெஷின் பழுதுன்னு எழுதிடுவாங்க. உப்புத் தின்னவன் தண்ணி குடிச்சே ஆகணும்க்கா."

"அவருக்கு ரெண்டுமே கட்டுப்பாடுடா," என்றாள். குழாயை மடக்கி இரண்டு விரலால் நசுக்கிப் பிடித்தாள். காற்று அங்கேயே நின்றது.

ஐஸ் போன்ற விரல்கள் அவள் விரல்மேல் வந்து அமர்ந்தன.

ஒரு விரலைப் பிரித்தன.

அடுத்ததையும் பிரிக்கத் தொடங்கின.

அவள் மறுகையையும் கொண்டுவந்து இறுக்கினாள்.

"அவன் அடிச்சப்போ உன்னைத்தான்க்கா கூப்பிட்டேன்."

அவள் உடைந்துபோனாள். விட்டுவிடலாம் என்று ஆசையாகக்கூட இருந்தது. எட்டு வருடமாக அவள் வேண்டியது இதைத்தானே? கண்ணீர் கன்னத்தில் ஓடியது, ஆனால் பிடி தளரவில்லை.

"உன்னை அடிச்சது அவர் கை. இது என் கை. இதைக் கொலைக்குத் தரமாட்டேன், நீ கேட்டாலும் சரி! ஆணி அடிச்சவங்களையே மன்னிச்சவரைக் கும்பிடுறவடா நான். மனசு வரல. வராட்டியும் மன்னிக்கிறேன். போ!"

குளிர்ந்த விரல்கள் விலகின. அந்தக் கணமே இயந்திரம் அலறிக் குழாயை இறுக்கியது.

மேஸ்திரி திடுக்கிட்டு விழித்தார். "என்னம்மா சத்தம்?"

"காத்து. பிடிச்சு நிறுத்திட்டேன்."

அவள் விரல்களில் நீலமாகக் கன்றியிருந்ததை அவர் பார்த்தார். அவள் ஊசிகளைக் கழற்றிக் கட்டுப் போட்டாள்.

"புதன்கிழமை நேரத்துக்கு வாங்க. நான்தான் இருப்பேன்."

அவர் தடுமாறி நடந்து வெளியே போனார். அவள் படுக்கையைத் துடைத்து, இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. வாசனை மட்டும் போகவில்லை.

"நீயும் புதன்கிழமை வருவேன்னு தெரியும்," என்றாள் காலிப் படுக்கையிடம். "அன்னைக்கும் இதே பதில்தான்."

படுக்கையில் கிடந்த இரத்த அழுத்தப் பட்டை மெல்ல எழுந்தது. ஒரு கையைச் சுற்றியதுபோல் வளைந்து, இறுகி, உப்பியது. திரை ஒளிர்ந்து நாடித்துடிப்பைக் காட்டியது.

எழுபத்தெட்டு.

பிளக் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.