தாமோதரனின் மூடிய கை

வலைக் கொட்டகையில் இருந்தவர்கள்: தாமோதரன், படகுக்காரர், பிணம். அவர் தம்பி வெற்றி. இன்ஜின் மெக்கானிக் பெனிட்டோ. பிணத்தை முதலில் பார்த்த மீன்காரி வியாகுலம்மாள். ஏட்டு பொன்ராஜ். சப்-இன்ஸ்பெக்டர் மகிமா.

காலை 11.00, கத்திவாக்கம்.

கழுத்தில் கயிற்றுத் தடம். திறந்த கண்களின் மேல் சாம்பல் தூசி படிந்திருந்தது. குதிகால்கள் மணலை ஒரு சாண் ஆழத்துக்கு உழுதிருந்தன. வலது கை இறுக மூடியிருந்தது.

பொன்ராஜ் முழங்கையை மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை.

"கட்டையாட்டம் கீது மேடம். செத்து ஆறு மணி நேரமாவது ஆயிருக்கும்."

அப்படியென்றால் விடியற்காலை ஐந்து மணி. ஆறு வரை தாமோதரனோடு இங்கே இன்ஜின் பிரித்தவன் பெனிட்டோ. ஏழிலிருந்து எர்ணாவூர் பட்டறையில் இருந்தவனை ஆள் அனுப்பிக் கூட்டி வந்திருந்தார்கள். வெற்றி மூன்றுக்கே கடலுக்குப் போய், ஒன்பதரைக்குத்தான் கரை திரும்பியவன்.

வாசலில் கூட்டம். ஒருவன் கையில் துடுப்பு. பெனிட்டோ ஜீப் வரை உயிரோடு போவானா என்பது சந்தேகம்.

"நான் இல்ல மேடம். டீ குட்சிட்டுப் போடான்னாரு. குடிக்காம பூட்டேன்."

"கூட உக்காந்து துன்னவன்டா நீ!" வெற்றி பாய்ந்தான். வெயிலில் கறுத்த அவன் கழுத்தைச் சுற்றி, கயிறு கிடந்த இடம்போல ஒரு வெளுத்த கோடு.

11.25. வியாகுலம்மாளின் கூடையில் இரண்டு கொடுவா. ஒன்று பலகைபோல் நீட்டிக்கொண்டிருந்தது. மற்றது துவண்டு கிடந்தது.

"இதுல எது பழசுக்கா?" என்றாள் மகிமா.

"இன்னாம்மா, மீனு வாங்கத் தெரியாதா உனக்கு? ரெண்டும் வெற்றி கொண்ணாந்தது. ஒரே வலை. துள்ளித் துள்ளிச் செத்தது உடனே வெறச்சிக்கும். தூக்கினதும் மண்டையில ஒண்ணு போட்டா, மத்தியானம் வரைக்கும் துவளும்."

மகிமா மணலில் இருந்த பள்ளங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏட்டய்யா, தசை இறுக மட்டுமில்ல, தளர்றதுக்கும் சத்து வேணும். செத்தப்புறம் அது ஊறாது. மிச்சம் தீர்ந்ததும் இறுகினபடியே நின்னுடும். தூக்கத்துல செத்தா தீர மணிக்கணக்காகும். இவரு உயிரோட இருக்கும்போதே போராடித் தீர்த்துட்டாரு. வெக்கை வேற. இவரு செத்து ரெண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது."

பெனிட்டோ அப்போது பட்டறையில் இருந்தான். துடுப்பு கீழே இறங்கியது.

பொன்ராஜ் மூடிய கையைப் பிரிக்கக் குனிந்தார்.

"விடுங்க. நாளைக்குத் தசையே அழிஞ்சு தளரும். உள்ள இருக்கறத அவரே திறந்து காட்டுவாரு."

வெற்றியின் கை தன் கழுத்துக்குப் போனது. அங்கே இல்லாத ஒன்றைத் தடவியது.

"தாயத்து எங்க வெற்றி?"

"கடல்ல... அறுந்துபோச்சு."

"வெறச்சிருந்தா செத்து நேரமாச்சுன்னு ஏட்டய்யா சொன்னாரு. துள்ளிச் செத்த மீனைத் தினம் பாக்குறவன் நீ. ஏன் வாயத் திறக்கல?"

வெற்றி மணலில் உட்கார்ந்தான்.

"படகை வித்துடறேன்னாரு மேடம். எனக்கு வேற இன்னா தெரியும்?"

பகல் 1.10. லாக்கப் வாசலில் வெற்றி நின்றான்.

"அந்தக் கை நெசமாவே தொறக்குமா மேடம்?"

"திறக்கும்."

உள்ளே போனவன் தன் விரல்களை மூடிமூடித் திறந்துகொண்டிருந்தான். பொன்ராஜ் கதவைச் சாத்திப் பூட்டினார்.