சிவப்பு நூல் கட்டிய சட்டி

பிற்பகல் மூன்று மணி. யாங்கூனின் லான்மடாவில் இருக்கும் தமிழர் சங்க மண்டபத்தின் பின்முற்றத்தில் ஹமீதுன்னிசா தன் சட்டியின் மூடியைத் திறந்தார்.

நாற்றம் குப்பென்று கிளம்பியது. பக்கத்து அடுப்பை விசிறிக்கொண்டிருந்த தேவராஜ், இடுப்பில் கட்டிய லோன்ஜியின் நுனியைத் தூக்கி மூக்கைப் பொத்திக்கொண்டார். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. சட்டிக்குள் இரண்டு வீசை ஆட்டுக்கறி, மசாலாவோடு சேர்ந்து நொதித்து, ஓரமெல்லாம் நுரை கட்டிக் கிடந்தது. அதன் மேல் ஒரு கரித்துண்டும் ஒரு காய்ந்த மிளகாயும் இருந்தன.

ஹமீதுன்னிசா கத்தவில்லை, அழவில்லை.

"இது என் கறி இல்ல," என்றார்.

தாகேதாவில் அவருடைய அகின் கடை இருக்கிறது. அகின் என்றால் கம்பியில் கோத்துக் கரி நெருப்பில் சுடுவது. யாங்கூனில் அதற்கு அடிமையாகாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரு நாள் மிஞ்சிய கறியை மறுநாள் அடுப்பில் ஏற்றாத கடை என்று அந்தக் கடைக்குப் பேர். அந்தப் பேர் இப்போது நூறு பேர் முன்னால் நாறிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் பலர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும்.

சத்தம் கேட்டு உள்ளே இருந்து விஜயகுமாரி வந்தாள். வார நாளில் கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் கணவர் தனசேகரனோடு கடை கடையாகப் போய் அகின் தின்பாள். தின்றதை முகநூலில் எழுதி, ஒன்றிலிருந்து ஐந்து கம்பி வரை மதிப்புப் போடுவாள். எந்தக் கடையிலும் ஓசியில் ஒரு கோழி இறக்கையைக்கூடத் தொட்டதில்லை என்பதில் அவளுக்குப் பெருமை. அந்தப் பெருமையை அவள் ஒளித்து வைத்துக்கொள்வதும் இல்லை. ஐந்து கம்பி மட்டும் இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை. அதற்காகத்தான் இன்று இந்தப் போட்டி. தாகேதாவின் ஹமீதுன்னிசா, ஆற்றுக்கு அக்கரை டாலாவிலிருந்து தேவராஜ், மண்டபத்துக்கு எதிர்க் கடைக்காரர் உதயசூரியன் என்று மூன்று பேர். மூவருக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் சட்டி, ஒரே அளவு ஆட்டுக்கறி. சட்டியின் காதில் கட்டிய நூலின் நிறத்தை வைத்துத்தான் அடையாளம். யாருக்கு எந்த நிறம் என்பது நடுவரான விஜயகுமாரிக்குத் தெரியாது. அவளே வகுத்த முறை அது.

சங்கச் செயலாளர் தமிழ்மணி கூட்டத்துக்குக் கேட்கும்படி பேசினார். சட்டிகளைப் பகல் பன்னிரண்டுக்கு வாங்கி உள்ளறையில் வைத்துப் பூட்டினோம், மூன்று மணி நேரம் ஊற வேண்டும் என்பது விதி, சாவி தனசேகரன் இடுப்பை விட்டு இறங்கவே இல்லை என்றார். ஆகவே கறி வரும்போதே கெட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் சாவிக்காரர் கதவைத் திறந்துவிட்டிருக்க வேண்டும் என்று முடித்தார்.

தனசேகரனுக்கு முகம் கறுத்துப்போனது. விஜயகுமாரிக்கும் சுருக்கென்றது. ஹமீதுன்னிசா கெட்ட கறி கொண்டுவந்தாரென்றால் அவர் கடைக்குப் பூட்டு. இல்லையென்றால் தன் புருஷனுக்குத் திருட்டுப் பட்டம். இரண்டில் ஒன்றைக்கூட அவளால் விழுங்க முடியாது.

அவள் இடுக்கியால் அந்தக் கரித்துண்டை எடுத்து, குழாயில் கழுவி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். விரல் அளவுதான் இருந்தது. வெளிப்பக்கம் சீவியதுபோலத் தட்டையாக இருந்தது. உள்பக்கம் வளைந்து வழவழவென்று இருந்தது.

"அடுப்புக்கரி பறந்து விழுந்திருக்கும், மா விஜயா. இதுல என்ன இருக்கு?" என்றார் தமிழ்மணி, பெண் பேருக்கு முன்னால் மாவும் ஆண் பேருக்கு முன்னால் கோவும் போடும் பர்மிய வழக்கப்படி.

முற்றத்தின் மூலையில் போட்டிக்காக அவள் வாங்கிப்போட்ட சதுப்புநில மரக்கரி மூட்டைகள் இருந்தன. மூன்று அடுப்புக்கும் அதுதான். ஒன்றை அவிழ்த்துப் பார்த்தாள். எல்லாம் கிளை கிளையாக, பட்டையும் கணுவுமாக இருந்தது. துண்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

மற்ற இருவரும் சுடட்டும், போட்டி நிற்காது என்று அறிவித்துவிட்டுக் கணவரை உள்ளறைக்கு இழுத்துப் போனாள். ஹமீதுன்னிசா வாசல் பக்கம் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார்.

உள்ளறைக்கு ஒரே கதவு. சந்துப் பக்கம் ஒரு ஜன்னல். அதில் இரும்புக் கிராதி. சட்டிகள் இருந்த மேசை ஜன்னலை ஒட்டி இருந்தது. காற்று வரட்டும் என்று அப்படிப் போட்டதாகத் தனசேகரன் சொன்னார். கரண்ட் இல்லாத ஊரில் அவர் செய்தது நியாயம்தான். விஜயகுமாரி கிராதிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். முழங்கை வரை போனது. சட்டி நிச்சயமாகப் போகாது.

"நிற ரகசியமெல்லாம் இனி போகட்டும். பன்னெண்டு மணிக்கு என்ன நடந்துச்சுன்னு ஒண்ணுவிடாம சொல்லுங்க."

தனசேகரன் சொன்னார். முதலில் வந்தது ஹமீதுன்னிசா. பிஸ்மில்லா சொல்லிச் சட்டியைக் கொடுத்தார், சிவப்பு நூல் கட்டினார். அடுத்து தேவராஜ். பச்சைக் கறியோடு ஆற்றைத் தாண்டி வந்தவர் ஆயிற்றே, மூடி மேல் ஒரு கரித்துண்டும் மிளகாயும் வைத்துத் துணியால் கட்டியிருந்தார். பேய் பிசாசு கறியோடு கூட வராமலிருக்க. மண்டபத்துக்குள் வந்ததும் இரண்டையும் எடுத்துத் தெருவில் வீசினார். அவருக்குப் பச்சை நூல். கடைசியில் உதயசூரியன், மஞ்சள் நூல். தேவராஜைப் பார்த்து அவர் ஒரு பாட்டம் சிரித்தாராம். இந்தக் காலத்திலும் கரியா, நம் சனம் என்றைக்கு உருப்படும் என்று கேட்டாராம்.

"அவங்க மூடியத் திறந்தாங்களா?"

"யாரும் திறக்கல. மசாலா ரகசியம், திறக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன?"

"எந்தச் சட்டி எந்த ஓரத்துல இருந்துச்சு?"

தனசேகரன் தலையைச் சொறிந்தார். "நூலத்தான் பாத்தேன் விஜயா. இடத்தப் பாக்கல."

மூன்றே முக்காலுக்குத் தட்டுகள் வந்தன. பச்சை நூல் தட்டு முதலில். இஞ்சி தூக்கல், நெருப்பு கொஞ்சம் அவசரம், ஆனாலும் நல்ல கை. நாலு கம்பி. அடுத்தது மஞ்சள் நூல். ஒரு துண்டைக் கடித்தாள், மெல்லுவதை நிறுத்தினாள். இன்னொரு கம்பியை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, அவசரமில்லாமல் தின்றாள். பக்கத்தில் இருந்த தமிழ்மணி எலும்பைச் சப்பிக்கொண்டே இதுதான் ஐந்து கம்பி என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

விஜயகுமாரி முற்றத்துக்குப் போய், மஞ்சள் நூல் சட்டிக்காரரைப் பார்த்தாள். உதயசூரியன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். போன மழைக்காலத்தில் அவர் கடைக்கு மூன்று கம்பி போட்டவள் அவள். மரத்தூளை எந்திரத்தில் அழுத்திச் செய்த, நடுவில் ஓட்டை போட்ட ஆறுபட்டைக் கரியில் சுடுகிறார். புகை இல்லை, அதனால் மணமும் இல்லை என்று எழுதியிருந்தாள். அந்தத் தெருவே அவரை மூணு கம்பி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

"கோ உதயா, இது நீங்க ஊற வச்ச கறிதானா?"

"என் கையால ஊற வச்சது மா. சட்டியத் திறந்தேன், கோத்தேன், சுட்டேன். எப்படி?"

"ரொம்ப நல்லா இருக்கு. நீங்களும் தேவராஜ் அண்ணன் மாதிரி கரி வச்சுக் கொண்டுவந்தீங்களா?"

"அந்த மூடத்தனமெல்லாம் எங்கிட்ட கிடையாது."

அவள் தலையாட்டிவிட்டுத் தெருவைத் தாண்டி எதிர்க் கடைக்குப் போனாள். உதயசூரியனின் மனைவி சொர்ணம்மாள் அங்கே பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். புருஷனின் கடைக்கு முதுகெலும்பே அவர்தான் என்பது தெருவுக்குத் தெரியும். கொஞ்சம் மண்டபத்துக்கு வாங்க அக்கா என்று அழைத்ததும், பரிசு விஷயம் என்று நினைத்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடவே நடந்தார். அந்த மலர்ந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க விஜயகுமாரிக்கு மனசு கனத்தது. ஆனால் வேறு வழியில்லை.

நாலேகால் மணி. எல்லோரும் மண்டபத்தில் கூடினார்கள். விஜயகுமாரி கைக்குட்டையை அவிழ்த்துக் கரித்துண்டைச் சொர்ணம்மாளிடம் நீட்டினாள்.

"அக்கா, இது யாரு வச்சதுன்னு தெரியுதா?"

"நான்தான் வச்சேன்," என்றார் சொர்ணம்மாள் சாதாரணமாக. "உச்சி வேளையில பச்சைக் கறி தெருவத் தாண்டலாமா? பத்தடியா இருந்தாலும் தெரு தெருதான். அவரு பாத்தா கத்துவாருன்னு, அவரு சட்டை மாத்தப் போனப்ப மூடியத் தூக்கிக் கறி மேல வச்சு, ஒரு மிளகாயும் போட்டேன்."

"வாய மூடு," என்றார் உதயசூரியன்.

விஜயகுமாரி துண்டை உயர்த்திக் காட்டினாள். இது மரக்கரி இல்லை, வெளியே ஆறுபட்டையின் தட்டை, உள்ளே ஓட்டையின் வளைவு. இந்த மூன்று பேரில் இந்தக் கரி எரிவது ஒரே ஒருவர் கடை அடுப்பில்தான் என்றாள். உதயசூரியன் சட்டிக்குள் போன துண்டு, ஹமீதுன்னிசாவின் சிவப்பு நூல் சட்டியில் எப்படி வந்தது? எந்தச் சட்டியும் அறையை விட்டு நகரவில்லை, கதவும் திறக்கவில்லை. நூல்தான் இடம் மாறியது. ஜன்னல் வழியாக ஒரு கை உள்ளே வந்து, சிவப்பையும் மஞ்சளையும் அவிழ்த்து மாற்றிக் கட்டிவிட்டுப் போனது. வேண்டுமென்றே கொண்டுவந்த கெட்ட கறி ஹமீதுன்னிசாவுக்கு, ஹமீதுன்னிசாவின் கறி அந்தக் கைக்குச் சொந்தக்காரருக்கு. பன்னிரண்டு மணிக்கு மசாலா மணம் நாற்றத்தை மூடியிருந்தது. மூன்று மணி நேரம் பூட்டிய அறையின் புழுக்கத்தில் அது வெளியே வந்துவிட்டது.

"எனக்கென்ன தெரியும்? அந்த தேவராஜ்கூட மாத்திக் கட்டியிருக்கலாம்," என்றார் உதயசூரியன்.

"மாத்தியிருக்கலாம். ஆனா மஞ்சள் நூல் சட்டியத் திறந்ததும், உள்ள இருக்கிறது உங்க கறி இல்லன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. ஹமீதக்கா பாத்த உடனே சொன்னாங்க, என் கறி இல்லன்னு. நீங்க ஏன் சொல்லல? என் கையால ஊற வச்சதுன்னு எங்கிட்ட சொன்னீங்களே."

உதயசூரியன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடிச்ச உடனே நாக்கு தாகேதாவுக்குப் போயிருச்சு, பப்பாளிக்காயும் வறுத்த கசகசாவும் அந்த அளவுல வைக்கிற கை இந்த ஊர்லயே ஒண்ணுதான் என்று விஜயகுமாரி கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். ஆனால் நாக்கைச் சாட்சியாகக் கூப்பிட முடியாது, அதனால்தான் கரியைக் கூப்பிட்டேன் என்றாள். சொல்லும்போது அவள் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது. இருக்கட்டுமே.

சொர்ணம்மாளுக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. அவர் சிவப்பு நூல் சட்டியைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார். கரி உன்னுடையது இல்லை என்று சொல்லிவிடு என்பதுபோல உதயசூரியன் கண் கெஞ்சியது.

"இது என் அடுப்புக் கரிதான்," என்றார் சொர்ணம்மாள், முதலில் சொன்னதைவிடச் சத்தமாக. "நான் வச்சத வைக்கலன்னு சொல்ல மாட்டேன்."

உதயசூரியன் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். அவரை யாரும் தடுக்கவில்லை. தமிழ்மணி, தனசேகரன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். தனசேகரன் இடுப்புச் சாவியை அவிழ்த்து அவர் கையில் வைத்து, இனிமேல் நீங்களே வச்சுக்குங்க என்றார்.

வாசலில் இருந்து ஹமீதுன்னிசாவை அழைத்துவந்தார்கள். கைப்பேசி பிடித்த அதே கைகள் இப்போது தட்டின. விஜயகுமாரி ஐந்து விரலை உயர்த்தப் போனாள். ஹமீதுன்னிசா அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"இப்ப வேணாம் தங்கச்சி. ஊற வச்சது நான், சுட்டது அவரு. அரைக்கறிக்கு மார்க் வாங்குறவ நான் இல்ல. அந்த மஞ்சள் நூல் சட்டியில மிச்சம் இருக்குல்ல?"

பாதிக்கு மேல் இருந்தது. அவர் முக்காட்டை இழுத்துச் செருகி, சதுப்புநிலக் கரியை அள்ளிப்போட்டு, தானே விசிறினார். புகை எழுந்து முற்றத்தை நிறைத்தது. கொழுப்பு சொட்டச் சொட்ட நெருப்பு சீறியது. மூக்கைப் பொத்திய கூட்டம் முழுதும் தட்டோடு வரிசையில் நின்றது. தேவராஜ்கூட நின்றார். போட்டி போட்டவர் என்ற வெட்கமெல்லாம் அவருக்கு இல்லை.

சொர்ணம்மாள் மட்டும் சுவர் ஓரமாக ஒதுங்கி, தெருப்பக்கம் நழுவப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் கம்பி வெந்ததும் ஹமீதுன்னிசா எழுந்து, வரிசையைத் தாண்டி, நடுவரையும் தாண்டி, நேராக அவரிடம் போய் அதை நீட்டினார்.

"நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இத வாங்குறது, அக்கா," என்றார் சொர்ணம்மாள்.

"உங்க மூஞ்சியத்தான். இன்னைக்கு என் பேரைக் காப்பாத்துனது அதுதான். சாப்பிட்டுச் சொல்லுங்க, எத்தனை கம்பி?"

சொர்ணம்மாள் வாங்கிக்கொண்டார். அகின் கடைக்காரி ஆயிற்றே, ஒரு வாயில் பாராட்டிவிடுகிற ஆளா? ஒரு துண்டைக் கடித்து, நிதானமாக மென்று, இரண்டாவதையும் தின்றார். கண்ணில் நீர் வழிந்தது, அதைத் துடைக்கவில்லை.

"அஞ்சு," என்றார்.

விஜயகுமாரி கூட்டத்தின் பக்கம் திரும்பி, கையை முழுசாக உயர்த்தி, ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள்.