பக்கத்து நாட்டின் மூச்சு

செம்மேட்டில் பல் துலக்குவதற்கு முன்பே எல்லோரும் அளவுப்பலகையைப் பார்த்துவிடுவார்கள். தெருவுக்கு ஒரு பலகை, அதில் இரண்டு எண்கள். இடப்பக்கம் செம்மேட்டின் மூச்சளவு, அதாவது நூறு பங்கு காற்றில் உயிர்வாயு எத்தனை பங்கு என்பது. வலப்பக்கம் வடபள்ளத்தின் மூச்சளவு. இடப்பக்கத்து எண் பெரிதாக இருக்கிற நாளில் தேநீர் ருசிக்கும்.

செவ்வாய்க் கோளில் குடியேறியவர்களின் இரண்டு ஏழை நாடுகள் அவை. இடையில் அறுபது கிலோமீட்டர் பாறை. பூமியின் பட்டியலில் இரண்டுக்கும் ‘வளரும் நாடு’ என்று பெயர். நாற்பது வருஷமாக அதே பெயர்தான். ஒரே பனிச்சுரங்கத்திலிருந்து நீர் எடுத்து, அதைப் பிளந்து காற்றாக்கிச் சுவாசித்தார்கள். இரண்டிலும் ஒரே ரகக் காற்றூட்டிகள் அடிக்கடி பழுதாகி நின்றன. ஆனால் எல்லை தாண்டிப் போய்ப் பார்க்க யாருக்கும் அனுமதி கிடையாது. பலகை என்ன சொல்கிறதோ அதுதான் பக்கத்து நாடு.

செல்லக்கனி குழாய்ப் பிரிவில் வடிகட்டி மாற்றுபவள். அவள் கணவன் ஞானமுத்துவுக்குப் பாசித் தொட்டியில் வேலை. ஆறு வயது மகள் நித்திலாவுக்குத் தூசிச்சளி. செம்மண் துகள் நுரையீரலில் படிந்து இறுகிப்போகிற நோய். மூச்சளவு பதினெட்டு இருந்தவரை அவள் நடந்தாள், தரையில் படம் வரைந்தாள். அந்த வாரம் பதினேழுக்கு இறங்கியதும் உதடு நீலம் பாரித்தது. சோற்றை மெல்லும்போதே இரண்டு முறை நிறுத்தி இளைப்பாறினாள்.

மூன்றாம் நாள் காற்று அலுவலக வாசலில் கூட்டம் திரண்டது. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு செல்லக்கனி முன்வரிசையில் நின்றாள். காற்றதிகாரி சொர்ணலிங்கம் வெளியே வந்தார். கோபப்படவில்லை.

“பதினேழுதான். ஒத்துக்கறேன். ஒரு காற்றூட்டி செத்துப்போச்சு. ஆனா வடபள்ளத்துல இன்னிக்கு எவ்வளவு தெரியுமா? பதினாறு.”

கூட்டத்தில் இரைச்சல் அடங்கியது. “அடப்பாவமே, எப்படித்தான் உசுரோட இருக்காங்களோ!” என்றார் ஒரு பெரியவர். யாரோ சிரித்தார்கள். பத்து நிமிஷத்தில் வாசல் காலி.

“நாம அங்க பொறந்திருந்தா நித்திலா என்ன ஆயிருப்பான்னு நெனச்சுப் பாரு,” என்றான் ஞானமுத்து, வீட்டுக்கு நடக்கும்போது.

“இங்க பொறந்து என்ன ஆயிட்டிருக்கான்னு நீ பாரு,” என்றாள் அவள்.

குழாய்ப் பிரிவில் பழைய கம்பித்தொடர்பு ஒன்று உண்டு. இரு நாட்டுப் பணியாளர்களும் பனிச்சுரங்கக் குழாயில் கசிவு வந்தால் பேசிக்கொள்வதற்காகப் போட்டது. மறுநாள் வேலை நேரத்தில் செல்லக்கனி அதை எடுத்தாள். மறுமுனையில் மரியபுஷ்பம் என்ற பெண். அவளும் வடிகட்டி மாற்றுகிறவள்தான்.

“கசிவு இல்லைங்க. ஒண்ணு கேக்கணும். உங்க ஊர்ல பதினாறுல எப்படிச் சமாளிக்கிறீங்க?”

“பதினாறா? எங்களுக்குப் பதினேழு. உங்களுக்குத்தான் பதினாறுன்னு எங்க பலகையில போட்டிருக்கு. எங்க வீட்டுக்காரருக்குத் தூசிச்சளி. உங்க நாட்டை நெனச்சுத்தான் மனசைத் தேத்திக்கிட்டிருந்தோம்.”

 இருவரும் மூச்சளவு காட்டும் தங்கள் கைமானிகளைப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டார்கள். அங்கேயும் பதினேழு, இங்கேயும் பதினேழு.

அன்று மாலையே செல்லக்கனி அந்தப் படங்களைத் தெருத்தெருவாக ஒட்டினாள். உண்மை தெரிந்துவிட்டால் ஜனங்கள் சும்மா இருக்க மாட்டார்கள் என்று நம்பினாள். அவள் நம்பிக்கை வீண்போகவில்லை. மறுநாள் அலுவலக வாசலில் நாலு மடங்கு கூட்டம். கண்ணாடி உடைந்தது. ஆனால் எழுந்த கூச்சல் அவள் எதிர்பார்த்தது அல்ல.

“அவங்களும் நாமளும் ஒண்ணா?”

“இவ்வளவு பாடுபட்டு, கடைசியில வடபள்ளத்துக்குச் சமமா நிக்கறதா? வெக்கமா இல்ல?”

பதினெட்டு வேண்டும் என்று அவள் கத்தினாள். பக்கத்தில் நின்றவனுக்குக்கூடக் கேட்கவில்லை.

சொர்ணலிங்கம் ஜன்னலருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் கூடுதல் காற்று இல்லை. காற்றுக் குழாய்களைத் திறந்து மூடும் அடைப்பான்கள் மட்டும் இருந்தன. பத்து நாளில் ஊர் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. மேற்கூடத்துக்குப் பதினெட்டு, கீழ்க்கூடத்துக்குப் பதினைந்து. பலகையில் வடபள்ளத்தை அழித்துவிட்டு இந்த இரண்டையும் போட்டார்கள். மேலே பெரும்பாலோர், கீழே சுரங்கக் கூலிகளும் புதிதாக வந்தவர்களும். மேலே உள்ளவர்கள் காலையில் எழுந்து பலகையைப் பார்த்தார்கள், தேநீர் குடித்தார்கள். கீழே உள்ளவர்களுக்குக் கத்த மூச்சு போதவில்லை.

ஊரைப் பிரிப்பதற்கு முன்பே சொர்ணலிங்கம் செல்லக்கனியை அழைத்துப் பேசியிருந்தார்.

“குழந்தை இருக்கும்மா. மேல ஒரு வீடு ஒதுக்கியிருக்கேன். இனி படம் எதுவும் ஒட்ட மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க.”

“கீழ எத்தனை குழந்தைங்க இருக்கு சார்?”

“உங்களுக்கு எத்தனை?”

அவள் எழுதிக் கொடுத்தாள். மேலே குடிபோன ஒரு வாரத்தில் நித்திலாவின் உதடு பழைய நிறத்துக்குத் திரும்பியது. சாப்பாட்டை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, தட்டைக் கழுவப் போட்டாள். அதைப் பார்த்துச் செல்லக்கனி சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு நண்பகலில், குழாய்ப் பிரிவில் கம்பித்தொடர்பு மணியடித்தது. மரியபுஷ்பம்தான். வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விட்டுப் பேசினாள். வடபள்ளத்திலும் ஊரைப் பிரித்துவிட்டார்களாம். அவள் வீட்டுக்காரர் போன வாரம் போய்ச் சேர்ந்துவிட்டார். அவள் கீழ்க்கூடத்தில் இருக்கிறாள்.

“எவ்வளவு குடுக்கறாங்க?” என்று கேட்டாள் செல்லக்கனி.

“பதினாலு.”

செல்லக்கனியின் நெஞ்சில் ஏதோ ஒன்று இளகியது. இரண்டு மாதமாக அவள் சரியாகத் தூங்கியிருக்கவில்லை.

“அய்யோ, பதினாலா?” என்றாள். “எங்க கீழ்க்கூடத்துலகூடப் பதினஞ்சு குடுக்கறாங்களே!”

தன் குரலில் இருந்த நிம்மதி அவளுக்கே கேட்டது.  மறுமுனையிலிருந்து நெடுநேரம் மூச்சிரைப்பு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.