மரத்த கை

தையல் ஊசி இடது ஆள்காட்டி விரலுக்குள் இறங்கி ஏறியதை ரூபினா அறியவே இல்லை. வெள்ளைத் துணியில் சிவப்பு பரவியதைப் பார்த்த பிறகுதான் மெஷினை நிறுத்தினாள். வலி வரும் என்று விரலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை.

கோட்டைமேட்டுச் சந்தில் இருந்த அந்த மாடி வீட்டில் பகலெல்லாம் அவள் தனியாகத்தான் இருப்பாள். கணவன் தாரிக்குக்கு உக்கடத்தில் பழைய இரும்புக் கடை. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மரத்துப்போவது எதனால் என்று போனில் தேடினாள். சர்க்கரை என்றது ஒரு பக்கம், கழுத்து நரம்பு என்றது இன்னொன்று. பக்கவாதம், மூளையில் கட்டி என்று ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனவள், பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டு நிமிர்ந்தபோது அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் நாறிக்கொண்டிருந்தது.

தாரிக் டாக்டரிடம் கூட்டிப்போனான். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். எதிலும் கோளாறு இல்லை, கண்டதையும் படித்து வந்த பயம்தான் என்றார் டாக்டர்.

"அவரே சொல்லிப்போட்டாருல்ல ரூபி," என்றான் தாரிக், வண்டியை எடுத்துக்கொண்டே. "இனி அந்தப் போனைத் தொடாத."

தொடாமல் இருக்க அவளால் முடியவில்லை. அவன் கடைக்குப் போனதும் குண்டூசியால் கையைக் குத்திப் பார்ப்பாள். மரப்பு மணிக்கட்டுவரை ஏறியிருந்தது. பிறகு முழங்கைவரை. உணர்வு போன கை சிலருக்குத் தானாகவே வேலை செய்யத் தொடங்கும், கைக்கு உரியவருக்கு அது தெரியாது என்று ஒரு பக்கத்தில் போட்டிருந்தது. அதை இரண்டு தடவை படித்தாள்.

மறுநாள் வலது கையால் ஜன்னல் கொக்கியை மாட்டிவிட்டுத் திரும்பியவளுக்குப் பின்னால் கொக்கி கழலும் சத்தம் கேட்டது. அவளுடைய இடது கை அதன்மேல் இருந்தது.

சொன்னபோது தாரிக் சிரிக்கவில்லை. அந்தக் கையை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்துவிட்டான்.

"எவ்வளவு கதகதப்பா இருக்குது பாரு. நல்ல கைதான்."

"எனக்குத் தெரியலீங்களே," என்றாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு அவன் படுத்தான். அவளையும் பக்கத்தில் படுக்கச் சொன்னான். பயம் போகட்டும் என்று அவளுடைய இடது கையை எடுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துப் பொத்திக்கொண்டான். அவன் சட்டையிலிருந்து அத்தர் வாசனையும் பிரியாணிக் கிராம்பின் மணமும் வந்தன. தெருவில் யாரோ தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். திரைச்சீலைக்குப் பின்னால் வெயில் மஞ்சளாக நின்றது. பல நாளைக்குப் பிறகு அவளுக்குக் கண் அயர்ந்தது.

ஏதோ ஒரு கரகரப்புச் சத்தம் கேட்டு விழித்தாள். மின்விசிறி என்று நினைத்து அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அது சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

கட்டில் அதிர்ந்தது.

தலையைத் திருப்பினாள்.

கை அவன் நெஞ்சில் இல்லை. கழுத்தில் இருந்தது. விரல்கள் சதைக்குள் புதைந்திருந்தன. அவன் இரண்டு கைகளாலும் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். கால்கள் மெத்தையை உதைத்தன.

அந்தக் கையில் அவளுக்கு எதுவுமே தெரியவில்லை. அவன் நகம் கீறியது தெரியவில்லை. அவன் கழுத்தின் துடிப்பும் தெரியவில்லை.

எழுந்து வலது கையால் ஒரு விரலைப் பிரித்தாள். அடுத்ததைப் பிரிப்பதற்குள் முதல் விரல் மூடிக்கொண்டது. கையைத் தோளோடு சேர்த்து இழுத்தாள். கத்தினாள். தெருவில் தகரம் தட்டும் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

தாரிக்கின் பிடி தளர்ந்தது. கண்கள் மட்டும் அவளையே பார்த்தன.

"நான் இல்லீங்க," என்றாள் ரூபினா. "நான் இல்லீங்க."

விரல்கள் இன்னும் இறுகின.