தாண்டாத கட்டைவிரல்

"நாளைக்குப் பரீட்சைய வச்சுக்கிட்டு, விளையாடாம என்னட்டி படிச்சுக்கிட்டு இருக்க?"

பேச்சிமுத்து போட்ட சத்தத்தில் வெளியே செவ்வாய்க் கிரகத்துத் தூசிப்புயலே ஒரு கணம் நின்று எட்டிப் பார்த்திருக்கும். மகள் வடிவாம்பாள் அவசரமாகப் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் செருகினாள்.

"ரெண்டு பக்கந்தாம்ப்பா பாத்தேன்."

"ரெண்டு பக்கம்னுதான் எல்லாச் சீரழிவும் ஆரம்பிக்கும். ஒங்க சித்தப்பன் மவன் இப்படிப் படிச்சுப் படிச்சுத்தான் உருப்படாமப் போனான். ஆட்டத்தத் தொறட்டி!"

அந்தக் குமிழ்நகரில் எந்தத் தகப்பனும் அப்படித்தான் கத்துவான். கண்ணாடிக் குமிழுக்குள் அந்த ஊரை உண்டாக்கியவர்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். காற்றை அங்கேயே தயாரித்துக்கொண்டார்கள், தண்ணீரையும் தயாரித்துக்கொண்டார்கள். பேச்சை மட்டும் ஊரிலிருந்தே மூட்டை கட்டிக் கொண்டுபோய்விட்டார்கள்.

அங்கே அறுவை சிகிச்சைக்குக் கத்தி கிடையாது. அரிசி மணி அளவில் ஓர் இயந்திரம், நுண்கை என்று பெயர். தொப்புள் வழியாக உள்ளே போனதும் ஆறு விரலை விரித்துக்கொண்டு, வெட்ட வேண்டியதை வெட்டி, தைக்க வேண்டியதைத் தைத்துவிட்டுச் சமர்த்தாக வெளியே வரும். டாக்டர் நாற்காலியில் சாய்ந்தபடி திரையைப் பார்த்து, இரண்டு கட்டைவிரலால் அதை ஓட்ட வேண்டியதுதான். ஆகவே மருத்துவக் கல்லூரியில் பாடம் என்பதே 'உள்ளோட்டம்' என்ற ஆட்டம்தான். கட்டைவிரலுக்கு அந்த ஊரில் இருந்த மரியாதை இருக்கிறதே, அது நம்மூரில் மந்திரிக்குக்கூடக் கிடையாது! பெண் பார்க்க வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. "கையை நீட்டும்மா" என்பார்கள்.

வடிவுக்குக் கட்டைவிரல் நன்றாகத்தான் ஓடும். அவள் சிக்கல் வேறு. உள்ளோட்டத்தில் ஒவ்வொரு ஆட்டமும் தொடங்குமுன் நோயாளி ஒருவர் திரையில் வந்து தன் கதையைச் சொல்வார். மூலையில் 'தாண்டு' என்று ஒரு பொத்தான் மினுக்கும். நோயாளி "வணக்கம்" என்று முடிப்பதற்குள் மற்றவர்கள் அதை அழுத்திவிடுவார்கள். வடிவுக்கு மட்டும் மனசு வராது. பேசுகிற மனுஷனை எப்படிப் பாதியில் அறுப்பது? மற்றவர்கள் நாற்பது வயிற்றுக்குள் புகுந்து வரும் நேரத்தில் அவள் பத்தைத் தாண்டமாட்டாள். ஏற்கெனவே இரண்டு முறை தோற்றாயிற்று. மூன்றாவதும் தோற்றால் மருத்துவம் அத்தோடு சரி. ஆயுசுக்கும் காற்று வடிகட்டியில் தூசி தட்டப் போக வேண்டும்.

மறுநாள் பரீட்சை மண்டபத்தில் ஊரே கூடியிருந்தது. இறுதிப் பரீட்சைக்கு நிஜ நோயாளி என்பதால் திருவிழாக் கூட்டம். வறுத்த பாசிப் பொட்டலம் பறந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், மேஜையில், வயிறு மரத்து ஆனால் முழு விழிப்போடு கிடந்தார் பனிச்சுரங்கத் தொழிலாளி அருமைநாயகம். குடல்வால் வீங்கியிருந்தது.

முதலில் வந்தவன் சுடலைமணி. ஊரின் செல்லப்பிள்ளை. கட்டைவிரல்களுக்குப் பட்டு உறை போட்டிருந்தான். அதை அவன் கழற்றிய அழகுக்கே கைதட்டல் கூரையை முட்டியது.

"தம்பி, அதாவது என்னன்னா..." என்று ஒலிபெருக்கியில் ஆரம்பித்தார் அருமைநாயகம்.

சுடலைமணி 'தாண்டு' அழுத்தினான். அவர் ஒலிவாங்கி அணைந்தது. தடுப்புக்கு அப்பால் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

நுண்கை பாய்ந்தது. திரையில் இருந்த வரைபடப்படி வலப்பக்கம் திரும்பியது. அங்கே குடல் இருந்தது. வால் இல்லை. சுற்றிச் சுற்றி வந்தான். கல்லீரல் இருக்க வேண்டிய இடத்தில் இரைப்பை உட்கார்ந்திருந்தது. சுடலைமணிக்கு வியர்த்தது. உடனே, பிறந்ததிலிருந்து பழகிய விரல் தானாகப் போய் 'மறுதொடக்கம்' பொத்தானை அழுத்தியது.

'நிஜ நோயாளி. மறுதொடக்கம் இல்லை' என்று காட்டியது திரை.

பொட்டலங்கள் பாதி வழியில் நின்றன. எச்சரிக்கை விளக்கு சிவந்தது. குடல்வால் எந்த நேரமும் வெடிக்கலாம். சுடலைமணி கைப்பிடியை விட்டுவிட்டு எழுந்தான்.

"அடுத்து யாரு?" கல்லூரி முதல்வர் இசக்கியம்மாள் பெயர்ப்பட்டியலைப் புரட்டினார். "வடிவாம்பாளா? ஐயையோ!"

வடிவு உட்கார்ந்தாள். அருமைநாயகம் மறுபடியும் ஆரம்பித்தார். "தாண்டு! தாண்டு!" என்று மண்டபமே கத்தியது. எல்லாருக்கும் மேலே பேச்சிமுத்துவின் குரல்தான் கேட்டது: "ஏட்டி, காலுல விழுதேன், தாண்டுட்டி!"

அவள் விரல் பொத்தான் வரை போனது. கண்ணாடிக்கு அப்பால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தாள். விரலை மடக்கிக்கொண்டாள்.

"சொல்லுங்க அண்ணாச்சி. ஆனா வெரசாச் சொல்லுங்க."

"நல்லாருப்ப தாயி! அதாவது, நான் பூமியிலேர்ந்து கப்பல் ஏறயில எம் மச்சினனும் கூட வந்தான். அவன் ஒரு தண்ணிவண்டி..."

மண்டபம் தலையில் அடித்துக்கொண்டது.

"...அங்கன ஒரு டாக்டரம்மா நெஞ்சுல குழாய வச்சுப் பாத்துட்டு, 'ஓய், ஒமக்கு இதயம் இருக்கா இல்லையா?'ன்னு கேட்டா. பொறவு வலப்பக்கம் வச்சா, அது அங்கன கெடந்து அடிக்கி! எனக்கு உள்ள அம்புட்டும் எடம் மாறிக் கெடக்காம் தாயி."

"இப்ப எங்க வலிக்கி?"

"இடப்பக்கந்தான்! அதச் சொல்லத்தானே வாயத் தொறக்கேன். ஒரு பயலாவது விட்டாத்தானே!"

விஷயம் இதுதான். வரைபடம் போட்ட இயந்திரம் பத்து லட்சம் உடல்களைப் பார்த்துத் தேறியது. அருமைநாயகத்தைப் பார்த்ததும், 'யாரோ படத்தைத் திருப்பிப் பிடித்துவிட்டார்கள்' என்று தானே முடிவு செய்து, அவரை நேராக்கிவிட்டது!

வடிவு சிரித்தேவிட்டாள். இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் காட்டும் 'கண்ணாடி முறை' ஒன்று உள்ளோட்டத்தில் உண்டு. பரீட்சையில் யாரும் அதைத் தொடுவதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பாத்திரம் கழுவுவது யார் என்று தீர்மானிக்க அப்பனும் மகளும் ஆடியது அதே முறையில்தான். அவள் அதைத் தட்டியதுமே பேச்சிமுத்துவுக்குப் புரிந்துவிட்டது. "அப்படிப் போடுட்டி!" என்று நாற்காலி மேல் ஏறி நின்றார்.

அதன் பிறகு நடந்ததை ஆட்டம் என்பதா, அறுவை என்பதா? நுண்கை இடப்பக்கம் திரும்பி, குடலின் வளைவுகளில் வழுக்கிக்கொண்டு போய், கொழுப்பு மடிப்புக்குள் ஒளிந்திருந்த குடல்வாலைப் பிடித்தது. திராட்சை போல் உப்பிக்கிடந்த அதற்கு ஒரு முடிச்சு, ஒரு வெட்டு, மூன்று தையல். கட்டைவிரல்கள் இருந்த இடம் தெரியவில்லை, வெறும் காற்றுதான் தெரிந்தது. நுண்கை வாலைத் தூக்கிக்கொண்டு தொப்புள் வழியாக வெளியே வந்தபோது எழுந்த ஆரவாரத்தில் குமிழின் கண்ணாடியே அதிர்ந்தது என்பார்கள். பேச்சிமுத்து பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஆளுக்கு முத்தம் கொடுத்தார்.

"முடிஞ்சுட்டா?" என்றார் அருமைநாயகம் ஏமாற்றத்தோடு. "மச்சினன் கத இன்னும் பாதி கெடக்கே!"

டாக்டர் வடிவாம்பாளுக்கு நடந்த பாராட்டு விழாவில் இசக்கியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அறிவித்தார்: "இன்னைலேர்ந்து தாண்டு பொத்தான் கிடையாது. நோயாளி பேச்ச முழுசாக் கேட்டே ஆகணும்." அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் கவலையோடு பார்த்துக்கொண்டது.

அந்தக் கவலையைத் தீர்க்க மேடையேறினான் சுடலைமணி. பரீட்சையில் தோற்ற நாளிலிருந்து ராத்திரி பகல் பாராமல் அவன் உருவாக்கிய இயந்திரத்துக்குக் 'காதாள்' என்று பெயர். நோயாளி பேசுவதை நமக்குப் பதிலாக அது கேட்கும். நடுநடுவே "ம்" கொட்டும். "ஐயோ பாவம்" என்று உச்சுக் கொட்டும். கடைசியில் சாரத்தை மட்டும் நமக்குச் சொல்லும்.

சோதித்துப் பார்க்க அருமைநாயகத்தையே உட்கார வைத்தார்கள். அவர் ஆசை தீர, கப்பல், தண்ணிவண்டி மச்சினன், டாக்டரம்மா, இதயம், இடப்பக்கம், ஒன்றும் விடாமல் சொல்லி முடித்தார். காதாள் எல்லா இடத்திலும் சரியாக "ம்" கொட்டியது. அருமைநாயகத்துக்கு ஆனந்தத்தில் கண் கலங்கிவிட்டது.

மேடைத் திரையில் சாரம் வந்தது:

'நோயாளி ஆண். வயிற்றுவலி. நிறையப் பேசுகிறார்.'

வடிவுக்குக் கிடைத்ததைவிட இரண்டு மடங்கு கைதட்டல் கிடைத்தது.