ஒற்றை ஆள் லைன்

மலையடிவாரத்துக் காரவள்ளியில் கலைமணி வண்டியை முடுக்கியபோது நல்ல வெயில். முப்பதாவது வளைவில் வெயில் மங்கியது. எழுபது வளைவும் ஏறி முடித்தபோது, பகல் மூன்று மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு போக வேண்டியதாயிற்று. மழை விட்ட மலைமேல் மூடுபனி ரோட்டை மறித்துப் படுத்திருந்தது.

கலைமணிக்குக் காளப்பநாயக்கன்பட்டியில் கம்ப்யூட்டர் கடை. மலைமேல் வீடுகளுக்கு நெட் இழுத்துக் கொடுக்கும் ஏஜென்சியும் அவனுடையதுதான். சந்தையில் பேரம் பேசியே சோறு தின்ற குடும்பத்துப் பிள்ளை. பழைய சரக்கைப் புதுசின் விலைக்கு விற்றுவிட்டு, வாங்கினவன்தான் ஜெயித்தான் என்பது போல முகத்தைத் தொங்கப்போடத் தெரிந்தவன்.

காலைப் பஸ் டிரைவர் கையில், மலைமேல் அவனிடம் நெட் வாங்கியிருந்த வீட்டுக் கண்ணாயி ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தனுப்பியிருந்தாள். புயலில் மலையின் அந்தப் பக்கத்து டவர் சாய்ந்து மூன்று நாளாகிறது; போன் எதுவும் பேசாது. மலைமேல் இருக்கும் ஒரே ஊரான செம்மேட்டு நெட் சென்டரும் பூட்டிக் கிடந்தது. சீட்டில் இருந்தது இரண்டே வரி: கம்ப்யூட்டரில் நெட் வரவில்லை. சாயங்காலம் அஞ்சு மணிக்குள் வேண்டும், பாப்பாவின் படிப்பு.

பழைய ஓட்டு வீடு. கீழே சரிவில் மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நிற்கும். அன்று முதல் வரிசை மட்டும் தெரிந்தது. மற்றவற்றைப் பனி தின்றிருந்தது.

"வாங்க தம்பி," என்றாள் கண்ணாயி. நாற்பது வயதுக்காரி, நாற்பத்தொரு நாளில் பத்து வயது கூடியிருந்தாள். அவள் புருஷன் பொன்னன், கொடிக்கு வெயில் படவேண்டுமென்று கிளை கழிக்க ஏறி, ஏணியோடு விழுந்து போய்ச் சேர்ந்த கணக்கு அது. கலைமணி துக்கத்துக்கு வரவில்லை. அது அவனுக்கு இப்போது உறுத்தியது.

"எத்தனை மணி வரைக்கும் டயம் இருக்குது கண்ணு?"

"அஞ்சுங்கண்ணா," என்றாள் மகள் சண்முகப்பிரியா. "கால்நடை டாக்டர் படிப்புக்கு சீட் ஒதுக்கிட்டாங்க. திருநெல்வேலிப் பக்கம். அஞ்சு மணிக்குள்ள 'சம்மதம்'னு அழுத்தலீன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும்."

"கீழ கூட்டிட்டுப் போயிடலாமுங்களா தம்பி?" என்றாள் கண்ணாயி. "இப்பவே கிளம்புனா..."

"எதுக்குங்க்கா? பத்து நிமிஷ வேலை," என்றான் கலைமணி.

விற்பனைக்காரன் வாய். கைக்கு முன்னால் அதுதான் நீளும்.

சுவரோரம் மேசை, அதன்மேல் அவன் விற்ற பழைய கம்ப்யூட்டர், எதிரே மூன்று பேர் நெருக்கி உட்காரும் பெஞ்சு. ரவுட்டரில் விளக்குகள் பச்சையாக எரிந்தன. கம்ப்யூட்டர் மட்டும் 'இணைக்க முடியவில்லை' என்றது. இரண்டையும் அணைத்துப் போட்டான். பாஸ்வேர்டைத் திரும்ப அடித்தான். வைஃபை குச்சியைக் கழற்றி ஊதிச் செருகினான். பையிலிருந்த புதுக் குச்சியைப் போட்டான். கடைசியில் நேராக ஒயரையே செருகினான்.

இணைக்க முடியவில்லை.

"நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சுங்கண்ணா. இன்னிக்குக் காலைல இருந்துதான்."

மணி மூன்று நாற்பது. கலைமணி தன் லேப்டாப்பை எடுத்து, ரவுட்டரின் உள்விவரம் காட்டும் பக்கத்தைத் திறந்தான். அதைப் பார்க்க நெட் வேண்டாம். யார் யார் லைனில் ஏறியிருக்கிறார்கள் என்ற பட்டியல் அதில் வரும்.

பட்டியலில் ஒரே ஒரு பெயர். பொன்னன்.

அந்தப் பெயரை இரண்டு வருஷத்துக்கு முன் அடித்து வைத்தவன் கலைமணிதான். பேரத்தில் அவனையே வியர்க்க வைத்த ஒரே மலைக்காரர் பொன்னன். "ஏனுங்க, எங்க ஊட்டுல ஒரு சமயத்துல ஒருத்தர்தான் நெட் பாப்போம். நான் பாத்தா புள்ளை பாக்காது. ஒருத்தருக்கு உண்டான லைனைக் குடுங்க, பாதி விலை போடுங்க," என்று மடக்கி, ஒற்றை ஆள் லைன் வாங்கியிருந்தார். ஒரு நேரத்தில் ஒரு போனோ ஒரு கம்ப்யூட்டரோதான் அதில் ஏறலாம். அந்தப் பூட்டை ரவுட்டரில் திறக்க முடியாது. சாவி கீழே கம்பெனியிடம். பிள்ளை படிக்க உட்கார்ந்தால் பொன்னன் தன் போனை அணைத்துவிடுவார்.

ஒரே இடம். அதில் ஆள் இருந்தது.

"அக்கா, அண்ணனோட போன் எங்கிருக்குதுங்க?"

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவருகிட்டதானுங்க இருக்குது," என்றாள் கண்ணாயி. "வெத்திலைப் பை, கொடுவா, போனு, எல்லாம் குழியில அவரு கூடத்தான் வெச்சோம். கையாண்ட சாமானை எங்க ஊட்டுல போனவங்களோடவே அனுப்பிருவோமுங்க. இல்லாட்டி அதைத் தேடிட்டு வருவாங்க."

"நாந்தான் முழுசா சார்ஜ் போட்டு சட்டைப் பையில வெச்சேன்," என்றாள் பிரியா. "சார்ஜ் இல்லீன்னா அப்பாவுக்குக் கோவம் வரும்."

"எங்க வெச்சீங்க?"

கண்ணாயி ஜன்னலைக் காட்டினாள். மிளகு வரிசைக்குக் கீழே, கூப்பிடு தூரம்.

கலைமணி சிரித்தான். கல்லாவில் கள்ள நோட்டு அகப்பட்டால் சிரிக்கும் சிரிப்பு. எந்த போன் நாற்பத்தொரு நாள் சார்ஜ் நிற்கும்? யாரோ பக்கத்து வீட்டுப் பயல் தன் போனுக்கு இந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஓசியில் ஏறியிருக்கிறான். பெயருக்கு எதிரே சிக்னல் நூற்றுக்கு இவ்வளவு என்று காட்டும். ஒன்பது என்றிருந்தது. சரிதான், தூரத்து ஆள். 'துண்டி' என்ற பொத்தானை அழுத்தினான்.

பெயர் மறைந்தது. கம்ப்யூட்டர் இணையத் தொடங்குமுன் திரும்ப வந்தது.

பொன்னன். பதினேழு.

மறுபடி துண்டித்தான்.

பொன்னன். முப்பத்தொன்று.

வெளியே, சரிவின் கீழே, கல்மேல் கல் வைக்கும் சத்தம் கேட்டது. அவசரமில்லாத சத்தம். ஒன்று. சற்று நிதானம். இன்னொன்று.

"பன்னிங்களா அக்கா?" என்றான் மெதுவாக.

"பன்னி உருட்டும் தம்பி. அடுக்காது."

பாஸ்வேர்டையே மாற்றினான். பெயர் போய், அந்தப் புதுப் பாஸ்வேர்டோடு வந்தது. ரவுட்டரைக் கம்பெனியிலிருந்து வந்த நாளின் நிலைக்குத் துடைத்தான். விளக்குகள் அணைந்து எரிந்தன. ஒருவருக்கும் பெயரே வைக்காத வெற்றுப் பட்டியலில் அந்தப் பெயர் வந்து உட்கார்ந்தது. ஐம்பத்தெட்டு.

ஜன்னல் வழியே மண் வாசனை வந்தது. மழைமண் இல்லை. ஆழத்து மண், கிணறு வெட்டும்போது மூன்றாம் நாள் வருமே, அந்த வாசனை.

மணி நாலு இருபத்தைந்து. இந்தப் பனியில் கீழே இறங்க ஒன்றேகால் மணி நேரம் ஆகும். மூன்று மணிக்கே இந்தப் பெண்ணை வண்டியில் ஏற்றியிருந்தால் இந்நேரம் காரவள்ளியில் சிக்னல் கிடைத்து வேலை முடிந்திருக்கும். பத்து நிமிஷம் என்று சொன்ன தன் வாயை அவனே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பிரியா அழவில்லை. நகத்தால் பெஞ்சின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "நாலு வருஷம் படிச்சதுங்கண்ணா," என்றாள். "இந்த ஜன்னலோரத்துல உக்காந்துதான் படிச்சேன்."

கலைமணிக்குத் தெரிந்த ஒரே வித்தை மிச்சமிருந்தது. ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான்.

"அண்ணே," என்றான். "கலைமணிங்க. லைன் உங்களுதுதான், நான் இல்லீன்னு சொல்லல. பாப்பாவுக்கு ஒரு அஞ்சு நிமிஷம் எடம் விடுங்க. அது வேலை முடியட்டும். அப்புறம் நீங்க எப்ப வந்தாலும் இந்த லைனை நான் வெட்ட மாட்டேன். கடைக்காரன் வாக்கு இல்லீங்க, மனுஷன் வாக்கு."

கல் சத்தம் நின்றது.

பட்டியலில் பெயர் அழிந்தது.

கம்ப்யூட்டர் இணைந்தது.

பிரியா பாய்ந்து விசைப்பலகையைப் பிடித்தாள். பக்கம் திறந்தது; அவள் பெயர், கல்லூரியின் பெயர், பச்சைப் பொத்தான். அழுத்தினாள். மணி நாலு நாற்பத்தொன்று.

திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்தது. ஆறு இலக்க ஓடிபியை நிரப்பவும். எழுபத்தொன்றில் முடியும் கைபேசிக்கு அனுப்பப்பட்டுள்ளது.

"எழுபத்தொண்ணு யாரோட நம்பர் கண்ணு?"

அவள் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். கேட்கவும் தேவையில்லை. மே மாதம் விண்ணப்பம் போட்டபோது வீட்டில் போன் இருந்த ஆள் ஒருவர்தான். சார்ஜோடு, சிம்மோடு, சட்டைப் பையில் வைத்து மண் போட்டுவிட்டார்கள். அந்த நம்பர் இனி எதற்கு வேண்டியிருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"நம்பரை மாத்த முடியாதுங்களா?" என்றாள் கண்ணாயி.

"மாத்தறதுக்கும் அந்த நம்பருக்குத்தான் ஓடிபி வருமுங்க்கா."

இப்போதுதான் பொன்னனைக் கெஞ்சி அனுப்பி வைத்தான். திரும்பக் கூப்பிட்டால், இருப்பது ஒரே இடம். அவர் ஏறினால் கம்ப்யூட்டர் கழன்றுவிடும். ஏறாவிட்டால் நம்பர் இல்லை.

கண்ணாயி எழுந்தாள். கதவுக்குப் பின்னால் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்தாள்.

"அக்கா, வேண்டாமுங்க."

"எம் புருஷன்கிட்ட எம் புள்ளைக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கப் போறேன். உங்களுக்கு என்னுங்க தம்பி?"

பனி அவளை வாசலிலேயே விழுங்கிக்கொண்டது. செருப்புச் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

நாலு ஐம்பது.

மண்வெட்டி விழும் சத்தத்துக்குக் கலைமணி காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். விழவில்லை. பிரியா கட்டத்தையே பார்த்துக்கொண்டு, உதட்டுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கவனித்துக் கேட்டான்.

"அப்பா. நம்பர் சொல்லுங்கப்பா. நீங்க வேண்டாம்னா வேண்டாம். ஆனா வாயைத் தொறந்து சொல்லுங்க."

நாலு ஐம்பத்து மூன்று.

லேப்டாப்பில் பட்டியல் அசைந்தது.

முதல் வரியில் கம்ப்யூட்டர். அதன் கீழே இரண்டாவது வரி.

ஒற்றை ஆள் லைனில் இரண்டு பேர். அப்படி ஏற முடியாது. அதை விற்றவன் அவன், அவனுக்குத் தெரியாதா.

பொன்னன். எழுபது.

பொன்னன். எண்பத்தைந்து.

கதவு திறந்துதான் இருந்தது. பனி உள்ளே ஒரு முழம் வந்து நின்றது. மிளகுச் சருகும் ஆழத்து மண்ணும் கலந்த வாசனை அறையை நிறைத்தது. அவன் திரும்பவில்லை.

தொண்ணூற்றாறு.

நூறு.

நூறு என்றால் கைக்கெட்டும் தூரம்.

பிறகு, அவன் கண்ணெதிரே, அந்தப் பெயர் எழுத்தெழுத்தாக அழிந்தது. அந்த இடத்தில் எண்கள் வந்தன. நிதானமாக, டைப் அடிக்கத் தெரியாத விரல் ஒவ்வொன்றாகத் தேடி அழுத்துவது போல. நாலு. ஒன்பது. பூஜ்யம். நாலு. இரண்டு.

நின்றது.

"ஆறு வேணும் அண்ணே," என்றான் கலைமணி.

எட்டு.

"நாலு, ஒம்பது, பூஜ்யம், நாலு, ரெண்டு, எட்டு. அடி கண்ணு, அடி."

அடித்தாள். வட்டம் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

உங்கள் சம்மதம் ஏற்கப்பட்டது. நேரம் 4.58.

பிரியா மேசையில் தலையைக் கவிழ்த்தாள். தோள்கள் குலுங்கின. அழுகைக்கு நடுவில், தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அப்பா போயிட்டாருங்களாண்ணா?"

கலைமணி பட்டியலைப் பார்த்தான். எண்கள் போய்ப் பழைய பெயர் திரும்பியிருந்தது. எதிரே நூறு. வாழ்நாளில் லாபத்துக்காக ஆயிரம் பொய் சொன்னவன், லாபமில்லாமல் ஒன்று சொன்னான்.

"போயிட்டாரு சாமி."

லேப்டாப்பை மூடினான்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கண்ணாயி உள்ளே வந்து மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தாள். அதன் அலகில் ஒரு பொட்டு மண் இல்லை.

"கிடைச்சுதுங்க்கா," என்றான். "பாப்பாவுக்கு சீட் ஆயிருச்சு. நீங்க... தோண்டலீங்களா?"

"தோண்டறதுக்கு என்னுங்க இருக்குது," என்றாள் அவள். பதற்றம் இல்லை, சந்தைக்குப் போய் வந்தவள் குரல். "குழிமேல வெச்ச கல்லெல்லாம் ஓரமா அடுக்கி இருந்துச்சு. மண்ணு ரெண்டு பக்கமும் ஒதுக்கி இருந்துச்சு. நான் உள்ள எட்டிப் பாக்கல. தேவைப்படல."

ஈரத் தலையை முந்தானையால் துடைத்தாள். மகளைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள், பெஞ்சைப் பார்த்தாள். அப்படியே அவள் பார்வை கலைமணியின் தோளுக்கு மேலே போய், அங்கேயே நின்றது.

"தம்பி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க," என்றாள். "அவரு நின்னுட்டே இருக்காரு."

கலைமணி தள்ளி உட்கார்ந்தான்.

அவனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் காலியான இடத்தில், பெஞ்சுப் பலகை மெல்லக் கிறீச்சிட்டுக் கீழே இறங்கியது.